ஆட்டிசம் உள்ள மகனுக்கு ராமநாதபுரம் கடற்கரையில் வேலை கிடைக்குமா?

கேள்வி: என் மகனுக்கு 20 வயது, ஆட்டிசம். பத்தாவது வரை படித்தான். அதிகம் பேச மாட்டான், செய்துகாட்டினால் வேலை செய்வான். தேவிபட்டினம் பக்கம் இருக்கிறோம். இங்கே மீனை விட்டால் வேறு தொழில் கிடையாது. சென்னை, பெங்களூரு என்று அனுப்பினால்தான் அவனுக்கு ஒரு வழி பிறக்குமா?

பதில்:

இங்கேயே வழி இருக்கிறது. ஆனால் "ஆட்டிசம் உள்ளவர்களுக்கு ஏற்ற வேலை எது?" என்று தேடிக்கொண்டிருந்தால் கண்ணில் படாது. எந்த இடத்தில் வேலை எப்போது தொடங்கும், எப்போது முடியும், யார் சொல்வார்கள் என்பது முன்கூட்டியே தெரியுமோ அந்த இடத்தைத் தேடுங்கள். அது வலையாக இருந்தாலும் சரி, பாசியாக இருந்தாலும் சரி.

நான் மண்டபத்தில் ஒரு நண்டு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். என் தம்பிக்கு ஆட்டிசம். முப்பது வயதை நெருங்குகிறான், வலை தைக்கும் கொட்டகை ஒன்றில் வேலை பார்க்கிறான். அந்த வகையில் ஆள் வைப்பவர்கள் பக்கமும் தெரியும், வீட்டுப் பக்கமும் தெரியும்.

கடல் தொழிலில் கடிகாரம் கிடையாது, அதுதான் முதல் சிக்கல். படகு எப்போது கரை பிடிக்கிறதோ அப்போதுதான் ஏலம், அப்புறம்தான் தரம் பிரிப்பது, ஐஸ் போடுவது, வண்டி ஏற்றுவது எல்லாம். என் தம்பி முதலில் போனது ஒரு நண்டு கொள்முதல் நிலையத்துக்கு. நீலக்கால் நண்டை எடை வாரியாகப் பிரித்துக் கூடையில் போடும் வேலை. கையில் எடுத்த உடனே எடையைச் சரியாகச் சொல்வான், தராசில் வைத்துப் பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். ஆனால் ஒரு நாள் காலை ஒன்பது மணிக்குச் சரக்கு வரும், மறுநாள் மத்தியானம் தாண்டியும் வராது. இடையில் "இந்தா வந்துரும், இந்தா வந்துரும்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அந்த "இந்தா"வை அவனால் தாங்க முடியவில்லை. கூடவே ஐஸ் உடைக்கும் மெஷின் சத்தம், ஏலக் கூச்சல். காதைப் பொத்திக்கொண்டு வாசலில் போய் நிற்பான். வேலை தெரியாமல் அவன் அந்த இடத்தை விட்டு வரவில்லை. வேலையைச் சுற்றி இருந்தவைதான் அவனை வெளியே தள்ளின.

திடீர் விடுமுறை எல்லாமே அவனுக்குப் பிரச்சினை என்று நாங்கள் நினைத்திருந்தோம். கவனித்துப் பார்த்தால் அப்படி இல்லை. பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால் கடலுக்குப் போகக் கூடாது, கொட்டகையும் மூடிவிடும். அந்த நாளில் அவன் அமைதியாக வீட்டில் இருக்கிறான். எந்த எண் கூண்டுக்கு என்ன அர்த்தம் என்று மனப்பாடம். விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும், மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு என்ற நாள் கணக்கும் தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலம் என்பது காலண்டரில் கோடு போட்டே இருக்கிறது. விதி என்று ஒன்று இருந்தால் அது எவ்வளவு கடுமையானதாக இருந்தாலும் அவனுக்குச் சம்மதம். முதலாளி காரணம் சொல்லாமல் "இன்னைக்கு வேணாம், நாளைக்கு வா" என்றால்தான் அன்று முழுக்க வீட்டில் போராட்டம். இலங்கைக் கடற்படை படகுகளைப் பிடித்துவிட்டால் இங்கே உடனே வேலைநிறுத்தம் அறிவிப்பார்கள். அதற்குக் கூண்டும் இல்லை, காலண்டரும் இல்லை. அந்த நாட்களுக்காக முதலாளியிடம் பேசி ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம்: வேலை இல்லை என்றால் முந்தின இரவே என் போனுக்கு ஒரு செய்தி அனுப்பிவிட வேண்டும், காரணத்தோடு. அதை நான் படித்துக் காட்டினால் போதும்.

வலைக் கொட்டகை ஏன் பொருந்தியது? நண்டு கொடுக்கால் வலையைக் கிழித்துக்கொண்டே இருக்கும். ரொம்பக் கிழிந்த வலையை அறுத்துவிட்டு, அதே கயிறு, அதே மிதவையோடு புது வலையைக் கோப்பார்கள். வலையில் எத்தனை கண்ணுக்கு (ஓட்டைக்கு) ஒரு முடிச்சு என்பது கணக்கு. அந்தக் கணக்கு அவன் கையில் தப்பாது. நாட்டுப்படகு வலைகள் ஆண்டு முழுக்க வருகின்றன. தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் வலையும் சேர்ந்து வந்து குவியும், ஊரே சும்மா இருக்கும்போது கொட்டகையில் வேலை அதிகம்.

அங்கேயும் தகராறு வந்தது. பக்கத்தில் உட்கார்ந்தவர் கண்ணை எண்ணாமல் குத்துமதிப்பாக முடிச்சுப் போட்டிருந்தால், இவன் அதை எடுத்து முழுக்க அவிழ்த்துவிடுவான். அரை நாள் உழைப்பு போனால் யாருக்குத்தான் கோபம் வராது? கொட்டகையின் மூத்த கையாள் ஒருவர், பள்ளிக்கூடமே போகாதவர், ஒரே நாளில் தீர்த்துவைத்தார்: இவனுக்கு ஒரு வலை, தொடக்கம் முதல் முடிவு வரை இவன் மட்டும். அடுத்தவர் வலையை இவன் தொடக் கூடாது, இவன் வலையை அடுத்தவர் தொடக் கூடாது. உட்காரும் இடமும் சுவர் ஓரமாக அதே இடம். பெரிய கம்பெனிகள் பயிற்சி கொடுத்துச் செய்யும் ஏற்பாட்டை அவர் வெற்றிலையை மென்றுகொண்டே செய்துவிட்டார்.

உங்கள் பக்கம் கடற்பாசியையும் பாருங்கள். மண்டபம், பாம்பன், தொண்டி என்று பல ஊர்களில் காப்பாஃபைகஸ் பாசியை மூங்கில் மிதவையில் வளர்க்கிறார்கள், ஒரு சுற்று ஏறக்குறைய 45 நாள். விதைப்பாசியைச் சின்னத் துண்டுகளாக்கிக் கயிற்றில் சம இடைவெளியில் கட்டும் வேலை கரையில் உட்கார்ந்து செய்வது. சத்தம் குறைவு, இடைவெளி ஒரே அளவு, கட்டிய கயிற்றுக்குக் காசு. பெரும்பாலும் பெண்கள்தான் செய்கிறார்கள், உங்கள் வீட்டுப் பெண் யாராவது போனால் கூடவே அனுப்பிப் பழக்கலாம். தொண்டிப் பக்கம் வலமாவூரில் 127 கோடி ரூபாய்த் திட்டமாகக் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023ல் அடிக்கல் நாட்டினார்கள். ஆகவே இது நாளைக்கே காணாமல் போகும் தொழில் இல்லை. ஒரு எச்சரிக்கை: ஈரக் கயிறும் பாசியின் வழவழப்பும் சிலருக்குத் தொடவே பிடிக்காது. என் தம்பி பாசியைக் கண்டாலே கையைப் பின்னால் கட்டிக்கொள்வான். உங்கள் மகனை முதலில் ஒரு நாள் தொட்டுப் பார்க்க விடுங்கள்.

இப்போது கூலி. "இவங்க சலிக்காம ஒரே வேலையச் செய்வாங்க" என்று பாராட்டுவது போலச் சொல்வார்கள். அதற்குப் பின்னால் குறைந்த கூலி காத்திருக்கும், ஜாக்கிரதை. (ஆள் வைத்திருப்பவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், நானும் கம்பெனிப் பக்கம் உட்கார்ந்திருப்பவள்தான்.) என் தம்பிக்கு முதலில் டீக்காசு மாதிரி ஏதோ கொடுத்தார்கள். அவனுக்கு வேலை கொடுத்ததே அம்மாவுக்குப் பெரிசு. நான் அவன் முடித்த வலைகளை ஒரு நோட்டில் எழுதி வைத்து, மற்றவர்களுக்கு ஒரு வலைக்கு என்ன கூலியோ அதைக் கேட்டேன். நாள் கூலி என்றால் "மெதுவாகச் செய்கிறான்" என்று குறைப்பார்கள். வலைக் கூலி என்றால் மெதுவாகச் செய்தாலும் விலை ஒன்றுதான், பழுது என்று திரும்பி வராத வலை என்பதால் முதலாளிக்கும் லாபம். பணம் அவன் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்குப் போகிறது. பாஸ்புக்கில் வரி ஏறுவதைப் பார்க்க மாதம் ஒரு முறை வங்கிக்கு அவனே கிளம்பிவிடுவான்.

கொட்டகையில் ஆட்டிசம் என்று சொல்லி ஆரம்பிக்காதீர்கள். சொன்னால் "மனநிலை சரியில்லையா?" என்று கேட்பார்கள். இந்தக் கடற்கரையில் பிள்ளை கொஞ்சம் வித்தியாசமாக நடந்தால், எந்த மதமானாலும் ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப்போவதுதான் வழக்கம். அங்கே 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஒரு காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் செத்துப்போனதை இங்கே பெரியவர்கள் யாரும் மறக்கவில்லை. அந்தப் பயமும் இரக்கமும் கலந்துதான் உங்கள் மகனைப் பார்ப்பார்கள். அதனால் நடைமுறையில் சொல்லுங்கள்: "ஒரு நேரத்துக்கு ஒரு வேலை சொல்லுங்க. செஞ்சு காட்டுங்க. சத்தம் போட்டுக் கூப்பிட வேணாம். காதைப் பொத்தினா பத்து நிமிஷம் வெளிய விட்டுருங்க, தானா வருவான்." இவ்வளவு போதும். வேலை பிடித்துப்போன பிறகு ஆட்டிசம் என்ற பெயரைச் சொல்லிக்கொள்ளலாம்.

கிண்டல் வரும். பேசியதையே திரும்பப் பேசுகிறான் என்று இளவட்டங்கள் வேண்டுமென்றே பேச வைத்துச் சிரிப்பார்கள். அதை நிறுத்த முதலாளியால் முடியாது, கூடவே உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவரால்தான் முடியும். மகனைச் சேர்ப்பதற்கு முன் கொட்டகையில் அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கூலியை விட இது முக்கியம் என்றே சொல்வேன்.

உலகத்தில் முதன்முதலாக ஆட்டிசம் என்று கண்டறியப்பட்டவர் டொனால்ட் டிரிப்லெட் என்ற அமெரிக்கர். 1943ல் டாக்டர் லியோ கான்னர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் முதல் பிள்ளை இவர்தான். மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்ற சின்ன ஊர். அங்கே தன் தாய்வழிக் குடும்பத்துக்குச் சொந்தமான வங்கியில் அறுபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தார், 2023ல் 89 வயதில் இறந்தார். குடும்பத்துக்கு வசதி இருந்தது, உண்மைதான். அதே அளவுக்கு, ஊரே அவரை அறிந்திருந்தது, சீண்டியவர்களை ஊரே கண்டித்தது. பெரிய நகரத்தில் கிடைக்காத அந்த ஒன்று நம் ஊரில் கிடைக்க வாய்ப்பு இருக்கிறது. சென்னைக்கு அனுப்பலாமா என்பதற்கு என் பதிலும் இதில்தான் இருக்கிறது. கணினியில் ஆர்வமும் தனியாகத் தங்கும் பழக்கமும் இருந்தால் அனுப்புங்கள். வேலைக்காக மட்டும் என்றால், புது ஊர், புது அறை, புதுச் சாப்பாடு, புது வேலை என்று நான்கையும் ஒரே நாளில் அவன் தலையில் இறக்காதீர்கள்.

மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் இன்னும் எடுக்கவில்லை என்றால் உடனே எடுங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டால் மருத்துவக் குழு எந்த நாள் என்று சொல்வார்கள். ஆட்டிசத்துக்கு 40 கேள்விகள் கொண்ட இந்திய அளவுகோல் ஒன்றை வைத்துத்தான் மதிப்பிடுகிறார்கள். சின்ன வயதிலிருந்து எப்படி இருந்தான் என்று கேட்பார்கள், அம்மாவைக் கட்டாயம் கூட்டிப்போங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 சதவீதமும் அதற்கு மேலும் சான்று உள்ளவர்களுக்கு அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீடு. ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு எல்லாருக்கும் சேர்த்து அதில் ஒரு சதவீதம்தான். பெரிதாக நம்பிக் காத்திருக்க வேண்டாம், விட்டுவிடவும் வேண்டாம். மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்ட்டின் நிரமயா காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு கிடைக்கும், சான்று கைக்கு வந்ததும் அதற்கு எழுதிப் போடுங்கள்.

எல்லாரும் முழு நாள் வேலை பார்க்க முடியாது. என் தம்பியே மத்தியானச் சாப்பாட்டோடு எழுந்து வந்துவிடுவான், அதற்கு மேல் உட்கார வைத்தால் மறுநாள் போகவே மாட்டான். உங்கள் மகனுக்கு இரண்டு மணி நேரம்தான் முடிகிறது என்றால் அந்த இரண்டு மணி நேரத்துக்குக் கூலி பேசுங்கள்.

தேவிபட்டினம் கரையில் நாட்டுப்படகு வந்த பிறகு வலையிலிருந்து நண்டு கழற்றுவார்கள் இல்லையா, அங்கே நீங்கள் முதலில் தனியாகப் போய் ஒரு வாரம் உட்கார்ந்து பாருங்கள். எந்தக் கொட்டகையில் சத்தம் குறைவு, யார் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கிறார், கூலி எப்படிக் கொடுக்கிறார்கள் என்பதெல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். அப்புறம் மகனைக் கூட்டிப்போங்கள். ஆடி அமாவாசை, தை அமாவாசை சமயத்தில் மட்டும் தொடங்காதீர்கள். கடலுக்குள் இருக்கும் நவபாஷாண நவக்கிரகக் கோயிலுக்கு வரும் கூட்டத்தில் அந்தக் கரையில் நமக்கே நிற்க முடியாது.