தானாகத் தொடரவில்லை, கேட்டுத்தான் வாங்கினோம்

‘பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியபோது, அங்கே ஏற்கெனவே இருந்த ஐரோப்பியக் குடிமக்களின் வதிவிட உரிமை தானாகவே தொடர்ந்ததா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் எங்களைப்போல ஹொலண்டிலோ ஜெர்மனியிலோ பாஸ்போர்ட் எடுத்துவிட்டு லண்டனுக்கு வந்த குடும்பமாகத்தான் இருக்கவேண்டும். தானாகத் தொடரவில்லை.

நான் சட்டத்தரணி இல்லை. கீழே பின்னூட்டத்தில் வந்து சண்டை பிடிக்கவேண்டாம். அம்மாவின் விண்ணப்பக் கோப்பை ஐந்து வருடம் தூக்கித் திரிந்தவன், அவ்வளவுதான்.

2020 ஜனவரி 31 இரவு விலகினார்கள். அந்த வருடக் கடைசி வரை பழைய விதிகளே ஓடின. விலகல் ஒப்பந்தத்தின் 18ஆவது பிரிவு நாடுகளுக்கு இரண்டு வழி வைத்தது. ஒன்று, உரிமை உங்களிடம் இருக்கிறது, கடதாசி வெறும் அத்தாட்சி. மற்றது, விண்ணப்பித்தால்தான் உரிமையே. ஜெர்மனியும் ஸ்பெயினும் தங்கள் நாட்டில் இருந்த பிரித்தானியருக்கு முதலாவதைக் கொடுத்தன. லண்டன் எங்களுக்கு இரண்டாவதைத் தந்தது. பிரான்சும் ஹொலண்டும்கூட அப்படித்தான் செய்தன; ஆகவே வெள்ளைக்காரனின் சூழ்ச்சி என்று என் வாயில் போடவேண்டாம். லண்டனிடம் விண்ணப்பிக்கக் கடைசி நாள் 2021 ஜூன் 30.

ஐந்து வருடம் இருந்தவருக்கு நிரந்தர நிலை, குறைந்தவருக்கு ஐந்து வருடத் தற்காலிக நிலை. 2018இல் வந்த அம்மாவுக்கு இரண்டாவதுதான். 2019 கோடையில் விண்ணப்பம் நிரப்பித் தருகிற அண்ணை ஒருவர் 150 பவுண்ஸ் வாங்கினார். விண்ணப்பத்துக்குக் கட்டணமே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

2020 மாசியில் சின்னம்மாவைப் பார்க்க ரொட்டர்டாம் போன அம்மா, கொரோனாவால் எட்டு மாதம் அங்கேயே. பன்னிரண்டு மாதத்துக்குள் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே நின்றால் தொடர் வதிவிடம் அறுந்துவிடும் என்பது அப்போதைய விதி. ‘ஒண்டும் நடக்காது’ என்றார் அண்ணை. கொரோனாவுக்கு விதிவிலக்கு உண்மையிலேயே இருந்தது. ஆனால் நிரந்தரம் கேட்கும்போது அதை நிரூபிக்கவேண்டும். வீட்டு பில் எல்லாம் என் பெயரில். அம்மா இங்கே வாழ்ந்ததற்குச் சாட்சி டாக்டர் அனுப்பிய கடிதங்கள் மட்டுமே. அவற்றின் பின்பக்கத்தில் அம்மா ‘சீனி, வெங்காயம், முருங்கைக்காய் இரண்டு’ என்று எழுதி வைத்திருந்தார். இரண்டு பக்கத்தையும் ஸ்கேன் பண்ணி அனுப்பினேன்.

தற்காலிக நிலைக்காரர் மறுபடி விண்ணப்பிக்காவிட்டால் உரிமை போய்விடும் என்ற ஏற்பாடு சட்டவிரோதம் என்று 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இப்போது அந்த நிலையை அரசே நீட்டிக்கிறது. உங்கள் ஆட்கள் யாராவது தற்காலிகத்தில் நின்றால் அந்தளவுக்குப் பயமில்லை. ஆனாலும் கடிதங்களை எறியவேண்டாம்.

இதைவிட எனக்கு ஆறாதது 2016 ஜூன் 23, விலகுவதா வேண்டாமா என்று வாக்கெடுப்பு நடந்த நாள். வருடக்கணக்காக வரி கட்டிய எனக்கு, டச்சுப் பாஸ்போர்ட் என்பதால் வாக்கு இல்லை. எங்கள் மேலறையில் வாடகைக்கு இருந்த பருத்தித்துறைப் பெடியன், படிக்க வந்தவன், இலங்கைப் பாஸ்போர்ட்டோடு போய் வாக்குப் போட்டான். இலங்கை பொதுநலவாய நாடு, அதனால் அவனுக்கு உண்டு. அவன்மேல் கோபமில்லை, விலகவேண்டாம் என்றுதான் போட்டான். எங்களை ‘காசு எடுக்க வந்த ஐரோப்பாக்காரர்’ என்று கோயில் மடத்தில் கதைத்த எங்கட ஆட்கள் எதற்குப் போட்டார்களோ.

வீடு மாறியபோது புது வீட்டுக்காரரும் தமிழர்தான். எங்கள் வதிவிட நிலையை இணையத்தில் பார்க்கும் கோட் (code) ஒன்றைக் கொடுத்தால் ‘கார்ட்டைக் காட்டுங்கோ’ என்றார். கார்ட்டே இல்லை ஐயா என்று விளங்கப்படுத்த மூன்று நாள். பழைய வீட்டுக்காரரோ குசினிச் சுவரில் மஞ்சள் கறை என்று டிப்போசிற்றில் 400 பவுண்ஸ் வெட்டினார். அவர் வீட்டுக் குசினியில் கறி வைப்பதில்லையா?

2023 கடைசியில் அம்மாவுக்கு நிரந்தரம் கிடைத்து மின்னஞ்சலில் கடிதம் வந்தது. ‘கார்ட் எங்கை தம்பி?’ என்று அம்மாவும் கேட்டார். பிரின்ற் எடுத்துக் கொடுத்தேன். லமினேற் செய்து கைப்பையில் வைத்திருக்கிறார். இதை அத்தாட்சியாகப் பயன்படுத்த முடியாது என்று அந்தக் கடிதத்திலேயே போட்டிருக்கிறது. அந்த வரியை நான் அம்மாவுக்கு வாசித்துக் காட்டவில்லை.