நம் நூலை நாமே வெளியிட: கேள்வி பதில்

தன்பாலீர்ப்பாளர், திருநர் உள்ளிட்ட பால்புதுமையினரும் மாற்றுத்திறனாளிகளும் தாங்களே எழுதி வெளியிடும் நூல்கள் குறித்துத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட நண்பர்கள் கேட்டவற்றுக்கு, நூல் பக்கங்களை வடிவமைத்துவரும் நான் விடை தருகிறேன்.

பாலக்கோட்டிலிருந்து: எங்கள் கவிதைத் தொகுப்பு முழுவதையும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்துவிட்டோம். அப்படியே அச்சுக்குக் கொடுக்கலாமா, தோழர்?

அச்சுக்கு அது போதும், வாசகருக்குப் போதாது. பாமினியில் தமிழ் என்பது ஆங்கில எழுத்தின் மேல் போர்த்திய உருவம் மட்டுமே. கண்ணுக்கு ‘அம்மா’ என்று தெரியும் சொல், திரையிலுள்ளதைப் பார்வையற்றோருக்குப் படித்துச் சொல்லும் மென்பொருளான திரைவாசிப்பானுக்கு ‘எம், கே, அரைப்புள்ளி, கே, எச்’ என்றே கிடைக்கிறது. உங்கள் குழுவிலுள்ள பார்வையற்ற கவிஞர் தம் கவிதைக்கே மெய்ப்புப் பார்க்க முடியாத நிலையை நாமே உண்டாக்கக் கூடாது. எழுத்துருமாற்றியால், தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே கணினி அறியும் யூனிகோடு குறிமுறைக்கு மாற்றிய பின், கொம்பும் காலும் சரியான இடத்தில் நிற்கின்றனவா என்று வரிவரியாகப் பாருங்கள்; இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ என்ற திரைவாசிப்பானில் முழுவதையும் ஒருமுறை காதால் கேளுங்கள். மின்னூலில் கவிதைத் தலைப்புகளைத் தடித்த எழுத்தாக்கினால் மட்டும் போதாது. மென்பொருளில் தலைப்புக்கென உள்ள பாணியில் (ஹெடிங் ஸ்டைல்) அமைத்தால்தான் கேட்பவர் ஒரு கவிதையிலிருந்து அடுத்ததற்குத் தாவ முடியும்.

பென்னாகரத்திலிருந்து: நான் தன்பாலீர்ப்பாளன் என்பது வீட்டுக்குத் தெரியாது. புனைபெயரில் எழுதினால் உரிமை போய்விடுமா?

போகாது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் புனைபெயர்ப் படைப்பையும் காக்கிறது. வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை உண்டு. ஆனால் பெயரை மாற்றியதோடு நின்றுவிடாதீர்கள். ஊர்த் திருவிழா, தெருமுனைக் கடை, அண்ணனின் வேலை ஆகிய மூன்றும் ஒரே கதையில் வந்தால் உறவினர் கண்டுகொள்வார்கள். வேர்டு கோப்பின் பண்புகளில் உங்கள் இயற்பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். அனுப்பும் முன் நீக்குங்கள்.

ஓசூரிலிருந்து: பிறர் எழுதிய நூலைப் பிரெய்லாக்க அனுமதி வேண்டுமா?

மாற்றுத்திறனாளிகளின் தனிப்பட்ட வாசிப்புக்கோ கல்விக்கோ ஆராய்ச்சிக்கோ என்றால், பதிப்புரிமைச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி வேண்டியதில்லை. ஆக்கச் செலவுக்கு மேல் வாங்கக் கூடாது. அந்தப் பிரெய்ல் பிரதி பொதுச் சந்தைக்குப் போய்விடவும் கூடாது. பார்வையற்றோர் படிக்கக்கூடிய வடிவில் நூல்களை ஆக்க வழிசெய்யும் பன்னாட்டு ஒப்பந்தமான மராக்கேஷ் உடன்படிக்கையை 2014இல் உலகில் முதலில் ஏற்புறுதி செய்த நாடு இந்தியா என்பதில் எனக்குப் பெருமிதம் உண்டு.

காவேரிப்பட்டினத்திலிருந்து: நூலை அடையாளம் காட்டும் பன்னாட்டு எண்ணான ஐஎஸ்பிஎன்னுக்கு எவ்வளவு செலவாகும்?

இந்தியாவில் கட்டணம் இல்லை. இடைத்தரகரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

அரூரிலிருந்து: காது கேளாத தோழி ஒருவரின் கதையில் வாக்கிய அமைப்பு வேறாக இருக்கிறது. திருத்தலாமா?

அவர் முதலில் கற்ற மொழி சைகைமொழியாக இருக்கலாம். அதற்கென்று தனி இலக்கணம் உண்டு. ‘மழை வந்தது, நான் பார்த்தேன், கை நின்றது’ என்று அவர் எழுதியிருந்தால், கையால் பேசும் தம் பேச்சு நின்றுபோன கணத்தைத்தான் சொல்கிறார். அதை ‘மழையைக் கண்டு திகைத்தேன்’ என்று மாற்றினால் கதையின் உயிர் போய்விடும். பொருள் மயங்கும் இடங்களை மட்டும் குறித்துக்கொண்டு, சைகைமொழி அறிந்த ஒருவரோடு அவர் அருகில் அமர்ந்து கேளுங்கள். அவர் சரி என்று ஒப்புக்கொண்ட பிரதியே அச்சகத்துக்குப் போகட்டும்.