போர்மட் செய்யவா என்று கேட்டால் ‘வேண்டாம்’ என்று சொல்லுங்கள்

கேள்வி: தம்பி, எங்களிடம் 1 டெராபைட் ஹாட் டிஸ்க் ஒன்று இருக்கிறது. தங்கச்சியின் கலியாண வீடியோ, அம்மாவின் அந்தியேட்டிப் படங்கள் எல்லாம் அதில்தான். அதோடு 2009க்கு முந்திய எங்கள் குடும்பப் படங்கள் நாற்பது வரை. அல்பங்கள் இடம்பெயர்வில் போய்விட்டன. இந்த நாற்பதும் ஒரு காலத்தில் கனடாவில் இருக்கும் பெரியம்மாவுக்குத் தபாலில் அனுப்பியவை. அவவின் மகன் ஸ்கேன் பண்ணித் தந்தவர். போன மாதம் டிஸ்க்கை ரீவியில் கொழுவிக் கலியாண வீடியோ பார்த்துக்கொண்டிருந்தபோது இடி மழையோடு கரண்ட் போனது. அதற்குப் பிறகு லப்டொப்பில் போட்டால், பாவிக்க முதல் போர்மட் செய்ய வேண்டும் என்று கேட்கிறது. பெறாமகன் பார்த்துவிட்டு, ‘ரோ’ என்று காட்டுது, செக்டிஸ்க் ஓடவிட்டால் சரிவரும் என்கிறான். ரவுனில் ஒரு கடையில், போர்மட் பண்ணிவிட்டு எடுத்துத் தரலாம் என்கிறார்கள். இன்னொருவர் பிரிட்ஜில் வைக்கச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
— வாசகி, முள்ளியவளை

பதில்: அக்கா, மூன்று பேர் சொன்னதையும் இப்போதைக்குக் கேட்க வேண்டாம். டிஸ்க்கைக் கழற்றி ஒரு துணியில் சுற்றி அலுமாரியில் வையுங்கள். பிறகு ஆறுதலாக இதை வாசியுங்கள்.

முதலில் ஒரு நல்ல செய்தி. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் படங்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. மீள்குடியேறி வந்த நேரம் வயலைப் போய்ப் பார்த்திருப்பீர்கள். வரம்பு தெரியாது, பற்றை மண்டிக் கிடக்கும், எது யாருடைய காணி என்று சொல்ல ஏலாது. ஆனால் மண் எங்கும் போகவில்லை. டிஸ்க்கிலும் அப்படித்தான். எந்தப் பைல் எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற குறிப்பு ஒரு பக்கத்தில் இருக்கும், பைல்கள் வேறு பக்கத்தில் இருக்கும். கரண்ட் போன அந்தக் கணத்தில் குறிப்புப் பக்கம் குழம்பியிருக்கிறது. நாங்கள் படம் பார்ப்பதாகத்தான் நினைப்போம், ஆனால் சில ரீவிகள் அந்த நேரத்தில் டிஸ்க்கில் எதையாவது எழுதிக்கொண்டும் இருக்கும். குறிப்பை வாசிக்க முடியாத விண்டோஸ் ‘ரோ’ என்கிறது. வெறும் காணி என்று நினைத்து, போர்மட் செய்யவா என்று கேட்கிறது. அது கேட்பது உதவி செய்யத்தான், ஆனால் நீங்கள் ‘வேண்டாம்’ என்றுதான் சொல்ல வேண்டும்.

இனி அந்த மூன்று ஆலோசனைகளுக்கு வருவோம்.

கடைக்காரர் சொன்ன போர்மட், ‘குயிக்’ வகையாக இருந்தால் புதுக் குறிப்புப் பக்கம் மட்டும் எழுதும். பைல்களில் பெரும்பகுதி தப்பும். ஆனால் பழைய குறிப்பில் மிஞ்சியிருந்ததும் அதோடு அழியக்கூடும். ‘குயிக்’ என்ற சரி அடையாளத்தை யாரும் தவறுதலாக எடுத்துவிட்டால் கதை முடிந்தது. விண்டோஸ் விஸ்ராவில் இருந்து முழுப் போர்மட் என்றால் டிஸ்க் முழுக்கப் பூச்சியத்தை எழுதிவிடும். அதற்குப் பிறகு எந்த மென்பொருளாலும் ஒன்றையும் எடுக்க முடியாது. மீட்பதற்குப் போர்மட் தேவையே இல்லை. அப்படிச் சொல்லும் கடைக்கு டிஸ்க்கைக் கொடுக்க வேண்டாம்.

பெறாமகன் சொன்ன செக்டிஸ்க், டிஸ்க்கின் பிழைகளைத் திருத்த விண்டோஸோடு வரும் கருவி. அதில் நானே கை சுட்டவன். 2013இல், என் கடை திறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஒரு ஐயா மகளின் சாமத்திய வீட்டு வீடியோ இருந்த டிஸ்க் ஒன்றைக் கொண்டுவந்தார். போல்டர் திறக்கவில்லை, அவ்வளவுதான். நான் பெரிய விண்ணன் மாதிரி அந்த டிஸ்க்கிலேயே செக்டிஸ்க்கை ஓடவிட்டேன். இருபது நிமிடத்தில் முடிந்தது. திறந்து பார்த்தால் ‘பவுண்ட்’ என்று ஒரு போல்டர், உள்ளே பெயர் இல்லாத துண்டுகள் ஆயிரக்கணக்கில். வீடியோ ஒன்றுகூட முழுதாக ஓடவில்லை. செக்டிஸ்க்குக்கு உங்கள் படங்களைப் பற்றிக் கவலை இல்லை, குறிப்புப் பக்கம் ஒழுங்காக இருந்தால் அதற்குப் போதும். பொருந்தாததை வெட்டி ஒதுக்கிவிடும். “அப்ப அது இனி இல்லையோ தம்பி?” என்று அந்த ஐயா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. உங்கள் பெறாமகனை ஏச வேண்டாம். ‘ரோ’ என்று காட்டும் டிஸ்க்கில் செக்டிஸ்க் பொதுவாக ஓடாது, முடியாது என்று சொல்லிவிடும். அவன் ஏற்கெனவே அழுத்தியிருந்தாலும் சேதம் இல்லாமல் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

பிரிட்ஜ்? குளிர் சோடாப் போத்தலை எங்கள் வெயிலில் மேசையில் வைத்தால் எப்படி வேர்க்கும் என்று தெரியும்தானே. அந்த வேர்வை டிஸ்க்கின் உள்ளே தட்டில் படிந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அந்த யோசனையை விட்டுவிடுவோம்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் வயரைப் பாருங்கள். நான் பகிடிக்குச் சொல்லவில்லை. என் கடைக்கு ‘செத்துப்போன’ டிஸ்க் என்று வருபவற்றில் சில, வயரை மாற்றியதும் எழும்பியிருக்கின்றன. இந்தச் சிறிய டிஸ்க்குகள் யூஎஸ்பி வயரில் வரும் 5 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. வயர் நைந்திருந்தால், அல்லது நடுவில் நீட்டு வயர் போட்டிருந்தால் அது போதாமல் போகும். வேறு நல்ல குட்டை வயர் ஒன்றால், நேரே லப்டொப்பில் கொழுவுங்கள். லப்டொப் பற்றரியில் ஓடட்டும், பிளக்கில் வேண்டாம். மழை இருட்டினால் அந்த வேலையையே அன்றைக்கு விட்டுவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பின்னேர இடி எங்கள் பக்கம் எப்படி விழும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கொழுவியதும் காதைக் கிட்ட வையுங்கள். மெல்லிய ஒரே சீரான இரைச்சல் என்றால் நல்லது. டிக், டிக் என்று திரும்பத் திரும்பத் தட்டினால் உடனே கழற்றிவிட்டு, கீழே பரந்தன் வாசகருக்கு எழுதியதைப் படியுங்கள். சத்தம் சரி என்றால் பெறாமகனிடம் ‘டிஸ்க் மனேஜ்மென்ட்’டில் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். 931 ஜிபி என்று காட்ட வேண்டும். (1 டெராபைட்டை விண்டோஸ் அப்படித்தான் எண்ணும், யாரும் உங்களிடம் களவெடுக்கவில்லை.) பிறகு ‘கிறிஸ்டல் டிஸ்க் இன்போ’ என்ற இலவச மென்பொருளில் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளைப் பார்க்கட்டும். எல்லாம் பூச்சியம் என்றால் டிஸ்க்கின் உடம்பு நல்லாக இருக்கிறது, குறிப்புப் பக்கம்தான் பிழை. அங்கே எண்கள் ஏறி மஞ்சள் அல்லது சிவப்பு நிறம் காட்டினால் தட்டிலேயே புண் இருக்கிறது. அப்படியென்றால் வீட்டில் செய்ய வேண்டாம்.

வீட்டில் செய்தாலும் கடையில் கொடுத்தாலும் அடுத்த வேலை ஒன்றுதான்: முழு டிஸ்க்கையும் இன்னொரு டிஸ்க்குக்கு அப்படியே பிரதி எடுப்பது. போல்டர் போல்டராக அல்ல, முதல் புள்ளியில் இருந்து கடைசிப் புள்ளி வரை. இதற்கு நான் பாவிப்பது, விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் லினக்ஸில் ஓடும் ‘டிடிரெஸ்கியூ’ என்ற மென்பொருள். நல்லாக வாசிக்கக்கூடிய பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். எதுவரை முடித்தது என்று ஒரு சிறு பைலில் எழுதிக்கொண்டே போகும். கரண்ட் போனாலும் விட்ட இடத்தில் இருந்து தொடங்கலாம். 2022 பங்குனி கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததே, அந்தக் காலத்தில் ஒரே டிஸ்க்கை ஆறு நாள் இப்படித் துண்டு துண்டாக எடுத்து முடித்தேன். நல்ல டிஸ்க் என்றால் யூஎஸ்பி 3இல் மூன்று நான்கு மணித்தியாலம் போதும், பழைய யூஎஸ்பி 2 என்றால் ஒரு பகல் போய்விடும்.

இதில் ஒரு கண்டம் இருக்கிறது. எதில் இருந்து, எதற்கு என்று மாறிக் கொடுத்தால் வெறும் டிஸ்க் உங்கள் படங்களின் மேல் பிரதியாகிவிடும். அதனால் நோயாளி டிஸ்க்குக்கு நான் சிவப்பு நூல் கட்டிவிடுவேன். வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குப் போகும்போது வாங்கிய நூல்கட்டை, மேசை லாச்சியில் எப்போதும் இருக்கும். கட்டிய பிறகு டிஸ்க்கின் அடியில் உள்ள தொடர் இலக்கத்தைத் திரையில் காட்டுவதோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுவிட்டுத்தான் என்டரில் கை வைப்பேன்.

பிரதி முடிந்ததும் சிவப்பு நூல் டிஸ்க் அலுமாரிக்கு. இனி வேலை எல்லாம் பிரதியில். அதில் பிழைவிட்டால் இன்னொரு பிரதி எடுத்துக்கொள்ளலாம். ‘டெஸ்ட்டிஸ்க்’ என்ற இலவச மென்பொருள் குறிப்புப் பக்கத்தின் மாற்றுப் பிரதியைத் தேடும். டிஸ்க் தனக்குள்ளேயே தொடக்கப் பகுதிக்கு ஒரு மாற்று வைத்திருக்கும். அது கிடைத்தால் பைல்கள் பெயரோடும் போல்டரோடும் வந்துவிடும். உங்களுக்கு இதுவே போதும் என்று நினைக்கிறேன். வராவிட்டால் அதே ஆள் எழுதிய ‘போட்டோரெக்’ இருக்கிறது. அது குறிப்பைப் பார்க்காது, ஒவ்வொரு படமும் தொடங்கும் அடையாளத்தைத் தேடிப் பொறுக்கும். பெயர்கள் எல்லாம் போய் இலக்கமாக வரும், நீள வீடியோக்கள் சில உடைந்து வரும். ஆனால் கமராவால் எடுத்த படத்தின் உள்ளேயே எடுத்த திகதி இருக்கும், அதை வைத்துக் கலியாணத்தையும் அந்தியேட்டியையும் பிரித்துவிடலாம். ஸ்கேன் பண்ணிய நாற்பதிலும் அது உதவாது, ஸ்கேன் பண்ணிய நாளைத்தான் காட்டக்கூடும். அவற்றை நீங்களே இருந்து, இது யார், எந்த வருடம் என்று பெயர் வைக்க வேண்டிவரும். மீட்டெடுப்பதை இன்னொரு டிஸ்க்கில்தான் சேமிக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னர், இன்று பின்னேரமே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, காசும் தேவையில்லை. கனடாவுக்கு ஒரு கோல் எடுங்கள். ஸ்கேன் பண்ணிய பெரியம்மாவின் மகனின் கொம்பியூட்டரில் அந்த நாற்பதும் இன்னும் கிடக்கலாம், இல்லையென்றால் அவர் அனுப்பிய மின்னஞ்சலில் இருக்கலாம். மூலப் படங்களும் பெரியம்மாவின் பெட்டியில்தானே இருக்கும்? கலியாண வீடியோ எடுத்த ஸ்ரூடியோவையும் கேளுங்கள், சிலர் வருடக்கணக்காக வைத்திருப்பார்கள். சொந்தக்காரர் யாரும் உங்கள் படங்களை வைபரிலோ வட்ஸ்அப்பிலோ வைத்திருப்பதாகச் சொன்னால் அதையும் வாங்கிக்கொள்ளுங்கள், தரம் குறைந்திருந்தாலும் முகம் தெரியும்.

கடையில்தான் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் ஒரு கேள்வி கேளுங்கள்: “முதலில் முழுப் பிரதி எடுப்பீர்களா?” ஓம் என்றால் கொடுக்கலாம். வேலை தொடங்க முதல் விலையையும், ஒன்றும் கிடைக்காவிட்டால் எவ்வளவு என்பதையும் எழுதி வாங்குங்கள்.

கேள்வி: அண்ணா, பென் ட்ரைவில் இருந்த ஏ.எல் பாடக் குறிப்புகள் எல்லாம் காணாமல் போய்விட்டன. போல்டர்கள் இருந்த இடத்தில் சோர்ட்கட் மட்டும் இருக்கிறது. போட்டோ கொப்பிக் கடையில் பிரிண்ட் எடுத்த பிறகுதான் இப்படி. மீட்கலாமா?
— மாணவன், மல்லாவி

பதில்: தம்பி, உங்கள் குறிப்புகள் போகவில்லை, ஒளித்து வைக்கப்பட்டிருக்கின்றன. இது சோர்ட்கட் வைரஸ், கடைக் கொம்பியூட்டரில் இருந்து தொற்றியது. அந்தச் சோர்ட்கட்டை அழுத்த வேண்டாம், அழுத்தினால் உங்கள் கொம்பியூட்டருக்கும் ஏறும். பென் ட்ரைவின் மேல் வலது கிளிக் செய்து எவ்வளவு இடம் பாவனையில் என்று பாருங்கள். நிறைந்திருந்தால் எல்லாம் உள்ளேதான். வியூவில் மறைந்தவற்றைக் காட்டச் சொல்லி, போல்டர் ஒப்ஷனில் ‘சிஸ்டம் பைல்களை மறை’ என்ற சரி அடையாளத்தையும் எடுத்துவிடுங்கள். இந்த இரண்டாவதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். மங்கலாகத் தெரியும் போல்டரில் இருந்து உங்கள் பைல்களை மட்டும் கொப்பி பண்ணி, வைரஸ் பார்த்த பிறகு பென் ட்ரைவைப் போர்மட் செய்யுங்கள். ஓம், உங்களுக்கு மட்டும் போர்மட் சரி.

கேள்வி: மோட்டார்சைக்கிளில் போகும்போது பையில் இருந்த ஹாட் டிஸ்க் ரோட்டில் விழுந்துவிட்டது. இப்போது டிக் டிக் என்று சத்தம். திறந்து பார்க்கலாமா? நண்பர் ஒருவர் யூரியூப்பில் பார்த்திருக்கிறாராம்.
— வாசகர், பரந்தன்

பதில்: திறக்க வேண்டாம், இன்னொரு தரம் கொழுவிப் பார்க்கவும் வேண்டாம். உள்ளே சுழலும் தட்டுக்கும் வாசிக்கும் முனைக்கும் இடைவெளி சில நனோமீற்றர்தான். ஒரு தலைமயிரின் தடிப்போ பல பத்தாயிரம் நனோமீற்றர். ஏ9 வீதியோரம் ஃபான் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என் மேசையில் ஒரு நாளில் படியும் செம்மண் தூசியை விரலால் தொட்டுப் பார்த்திருந்தால் நீங்கள் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டீர்கள். விழுந்து அடிபட்ட முனை ஒவ்வொரு முறை சுழலும்போதும் தட்டைச் சுரண்டும். சுரண்டிய இடத்தில் இருந்தது திரும்பி வராது. தூசி வடிகட்டிய அறை உள்ள ஆட்களிடம்தான் இது போக வேண்டும், என்னிடம் கொண்டுவந்தாலும் நான் தொட மாட்டேன். செலவு கூட. அதனால் உள்ளே என்ன இருக்கிறது என்று வீட்டில் இருந்து ஒரு பட்டியல் எழுதிப் பார்த்துவிட்டுப் போங்கள். பாட்டும் சினிமாப் படமும் மட்டும்தான் என்றால் அந்தக் காசுக்குப் புது டிஸ்க் இரண்டு வாங்கலாம்.