விரலுக்கு அடியில் இருந்த எழுத்து

அன்புள்ள ஐயா,

எருசலேமில் ஒரு வீட்டோடு தங்கி, வயது முதிர்ந்த யூதப் பாட்டி ஒருவரைக் கவனித்துக்கொள்கிறேன். கணவரும் மகனும் நாகர்கோவிலில் இருக்கிறார்கள். நான் அனுப்பும் பணம் எங்கே போகிறது என்று கேட்டால், பேச்சு சண்டையில்தான் முடிகிறது. சென்ற வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவதற்கு முன், என் முகத்தைக் கவனித்த பாட்டி, மாத்திரைப் பெட்டியின் பின்புறம் எபிரேயத்தில் ஆண், பெண் என்னும் இரு சொற்களை எழுதி, ஒவ்வொன்றிலும் ஓரெழுத்தை விரலால் மறைத்தார். "மீதி இரண்டிலும் நெருப்பு" என்றார். கடவுள் எங்களை விட்டு விலகிவிட்டாரா?

அன்புள்ள சகோதரிக்கு,

பாட்டி காட்டியது, யூதர்களின் சட்ட, விளக்க நூலான தல்மூதின் சோத்தா பகுதியில் ரபி அகிவா என்னும் பண்டைய யூத அறிஞர் கூறியதாக வரும் வாக்கின் விளக்கம். ஆணைக் குறிக்கும் 'ஈஷ்' என்னும் சொல்லில் 'யோத்' என்னும் எழுத்து உண்டு; பெண்ணைக் குறிக்கும் 'ஈஷா'வில் 'ஹே' என்னும் எழுத்து உண்டு; இரண்டும் சேர்ந்தால் 'யாஹ்' என்னும் இறைநாமம். அவை நீங்கினால் இரு சொற்களிலும் எஞ்சுவது 'ஏஷ்', அதாவது நெருப்பு. ஆளுக்கு ஓரெழுத்துத்தான் என்பதால், நாமம் கலைந்த பழி முழுவதையும் நீங்கள் ஒருவரே சுமப்பதற்கு இதில் இடமில்லை. உங்கள் கணவருக்கும் இது பொருந்தும்.

13ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வெளிப்பட்ட சோஹார் என்னும் யூத மறைஞான நூல் இன்னும் ஆழமாகச் செல்கிறது. 'யோத், ஹே, வாவ், ஹே' என்னும் நான்கெழுத்து இறைநாமத்தின் 'வாவ்' ஆண்தன்மையையும், கடைசி 'ஹே' ஷெகினா எனப்படும் பெண்தன்மை கொண்ட இறையிருப்பையும் குறிப்பதாகவும், இவ்வுலகத் தம்பதியரின் இணக்கம் அங்கே மேலுள்ள இணைப்புக்கும் துணையாவதாகவும் அம்மரபினர் கண்டனர். அந்த ஷெகினா, நாடு கடத்தப்பட்ட மக்களோடு தானும் உடன் சென்றதாகத் தல்மூது கூறுகிறது. ஆகவே பிரிந்திருப்பதையே கைவிடப்பட்டதாக நீங்கள் கொள்ள வேண்டியதில்லை. (அடி, மிரட்டல் போன்றவை இருந்தால் நிலைமை வேறு, அதைத் தனியாக எழுதுங்கள். எந்த வாக்கும் அவற்றைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வதாகாது.)

சோத்தா பகுதியின் பொருளே கணவனின் சந்தேகம்தான் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. சந்தேகத்துக்கு உள்ளான மனைவியைச் சோதிக்கப் பண்டைக் காலத்தில் நடந்த சடங்கில், இறைநாமம் எழுதிய ஏட்டின் எழுத்தையே நீரில் கரைத்தார்கள். கணவன் மனைவிக்கிடையே சமாதானம் வர, தன் பெயர் அழியவும் இறைவன் இசைந்தான் என்கின்றனர் அறிஞர்கள். உங்கள் சண்டையில் 'நான் சம்பாதித்தது', 'நான் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறேன்' என்ற இரண்டு 'நான்'களில் எது முதலில் கரையலாம்? மாதக் கணக்கை அவர் எழுதி அனுப்பட்டும். நீங்களும் உங்கள் செலவை எழுதி அனுப்புங்கள். வெள்ளி மாலை, பாட்டி விளக்கேற்றும் முன் பேசும் பேச்சில் பணம் வேண்டாம். மகன் அன்று என்ன சாப்பிட்டான் என்பதிலிருந்து தொடங்குங்கள்.

இன்னொன்று. பாட்டி அந்த எழுத்துகளை அழிக்கவில்லை, விரலால் மறைக்க மட்டுமே செய்தார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.