முற்றிய அவரையை எறியலாமா?

கேள்வி: ஆடியில் மாடித் தொட்டியில் கொடி அவரை ஊன்றினேன். ஐப்பசி வரை வெறும் இலைதான். இப்போது மார்கழியில் கொத்துக் கொத்தாகக் காய்க்கிறது. ஒரு வாரம் ஊருக்குப் போய் வருவதற்குள் பாதிக் காய் முற்றிவிட்டது. எந்தப் பதத்தில் பறிக்க வேண்டும்? முற்றியதை எறிந்துவிடலாமா?
- வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: எறியவே எறியாதீர்கள் அம்மா! நாட்டு அவரைக் கொடிகள் பகல் பொழுது குறுகிய பிறகுதான் பூக்கும். கும்பகோணத்தில் எங்கள் கிணற்றடிப் பந்தலிலும் தீபாவளி வரை நிழல் மட்டும்தான் கிடைக்கும். கார்த்திகையில் பூ, மார்கழியில் காய்.

காயை வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். உள்ளே விதை உளுந்து அளவுக்கு நிழலாகத் தெரிந்தால் அது பொரியல் பதம். விரலால் தடவும்போது விதை மேடு தட்டினால் பதம் தாண்டிவிட்டது. இரண்டு நாளைக்கு ஒருமுறை பறியுங்கள். முற்றிய காய் கொடியிலேயே கிடந்தால் புதுப் பூ குறைந்துவிடும். பறிக்கும்போது கொத்தை ஒடித்துவிட வேண்டாம், அதே காம்பில் மறுபடியும் பூ வரும். என் மாமியார் வாசலில் கோலம் போட்ட கையோடு முறத்தை எடுத்துக்கொண்டு பந்தலடிக்குப் போவார். இடது கையால் காம்பைத் தாங்கிக்கொண்டு, வலது கை நகத்தால் காயை மட்டும் கிள்ளுவார். பனி ஈரத்தோடு முறம் நிறையும். எனக்கும் அதே பழக்கம்தான்.

அன்று பறித்ததை அன்றே சமையுங்கள். இரண்டு பக்கமும் நாரை உரித்து, பொடியாக நறுக்கி, கடுகு, உளுத்தம்பருப்பு, மிளகாய் வற்றல் தாளித்து வதக்குங்கள். தண்ணீரைக் கையால் தெளித்தால் போதும். மூடாமல் வேகவிட்டால் பச்சை நிறம் மாறாது. உப்பும் தேங்காயும் கடைசியில். சாம்பார் பொடி வேண்டாம், இளங்காயின் மணத்தை அது அமுக்கிவிடும்.

சரி, முற்றிய காய்க்கு வருவோம். தோலை நீக்கி விதையை மட்டும் எடுங்கள். பச்சை மொச்சை போலவே இருக்கும். கத்தரிக்காயோடு புளிக்குழம்பில் போட்டால் அருமை. திருவாதிரைக் களிக்கு நான் செய்யும் ஏழுகறிக் கூட்டில், பரங்கி, வாழைக்காய், சர்க்கரைவள்ளியோடு மொச்சைக்குப் பதில் இந்த விதைதான் போகும். அதை முதலில் வேகவைத்துவிட்டுப் பிறகு காய்களைச் சேருங்கள். கொடியிலேயே காய்ந்துபோன விதையாக இருந்தால் இரவு முழுக்க ஊறவைத்து, நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துவிட வேண்டும்.

அப்புறம், கொழுந்தில் கறுப்பாக அசுவினிப் பூச்சி அப்பியிருக்கிறதா என்று இலையைத் திருப்பிப் பாருங்கள். இருந்தால் காலையில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவிவிடுங்கள்.

தை கடைசியில் நல்ல நீளமான காய்களாகப் பத்தை மட்டும் பறிக்காமல் விடுங்கள். நெற்றாகி, குலுக்கினால் சத்தம் கேட்கும்போது எடுத்து, விதையைச் சாம்பலில் புரட்டி வைத்தால் அடுத்த ஆடிக்கு ஊன்றலாம்.