வானியல் கேள்வி-பதில்: வெடித்த பிறகு எவ்வளவு நேரம்?

கே: மாடியில் 8 அங்குலத் தொலைநோக்கியும் கேமராவும் வைத்திருக்கிறேன். காமாக்கதிர் வெடிப்பு என்று அறிவிப்பு வந்ததும் நானும் படம் எடுக்கலாமா? (குடியாத்தம் வாசகர்)

ப: காமாக்கதிர் வெடிப்பு என்பது மிகத் தொலைவில் நடக்கும் பெரும் வெடிப்பிலிருந்து வரும் திடீர்க் காமாக்கதிர் வீச்சு. காமாக்கதிரை எடுக்க முடியாது, காற்று மண்டலம் விடாது. வெடிப்பின் பின்னொளியை (வெடிப்புக்குப் பின் மெல்ல மங்கும் ஒளியை) எடுக்கலாம். முதலில் அறிவிப்பு எந்தச் செயற்கைக்கோளுடையது என்று பாருங்கள். ஃபெர்மி செயற்கைக்கோளில் வெடிப்புகளைக் கண்காணிக்கும் ஜிபிஎம் கருவி காட்டும் இடம் பல பாகை அகலம். உங்கள் கேமராவில் அடங்காது, விட்டுவிடுங்கள். ஸ்விஃப்ட் என்றால், பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களில் எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கியைத் திருப்பிச் சில ஆர்க்-செகண்ட் (பாகையில் 3600-இல் ஒரு பங்கு) துல்லியத்தில் இடம் சொல்லிவிடும்.

பின்னொளி ஏறக்குறைய நேரத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் மங்கும். 1 நிமிடத்தில் 14ஆம் மேக்னிட்யூடில் (ஒளி அளவு; எண் கூடக் கூட மங்கல்) இருந்தது 10 நிமிடத்தில் 16.5, 100 நிமிடத்தில் 19. அதற்குள் தெருவிளக்கு வெளிச்சம் ஜெயித்துவிடும். எனவே ஃபில்டர் மாட்டிக்கொண்டிருக்காதீர்கள். முதலில் 10 வினாடிப் படங்கள், பிறகு 60 வினாடி. இருபது படங்களை அடுக்கினால் சுமார் 1.6 மேக்னிட்யூட் கூடுதலாகத் தெரியும். ஒவ்வொரு படத்துக்கும் தொலைநோக்கியைக் கொஞ்சம் நகர்த்துங்கள். இல்லாவிட்டால் கேமராவின் கெட்ட பிக்சல்களும் ஒன்றுசேர்ந்து நட்சத்திர வேஷம் போடும். நேரத்தை உலக நேரத்தில் (நம் நேரத்தில் 5.30 மணி குறைத்து) எழுதுங்கள். ஆரம்பத்தில் கடிகாரம் ஒரு நிமிடம் பிசகினாலே ஒளி வளைகோடு (நேரத்தோடு ஒளி மாறுவதைக் காட்டும் வரைபடம்) வீண்.

பழைய வான்படத்தில் இல்லாத புள்ளி கிடைத்ததா? ராசி மண்டலப் பக்கம் என்றால் சிறுகோளாக இருக்கலாம். அரைமணி கழித்து இன்னொரு படம் எடுங்கள்: நகர்ந்தால் சிறுகோள், அதே இடத்தில் மங்கினால் நீங்கள் தேடியது.

கே: 2009 ஏப்ரல் 23 வெடிப்பு கண்ணுறு ஒளியில் தெரியாமல் அகச்சிவப்பில் மட்டும் தெரிந்தது ஏன்? (ஆரணி கல்லூரி மாணவி)

ப: அதன் செம்பெயர்ச்சி (அண்டம் விரிவதால் ஒளியலை நீண்டுபோகும் அளவு) 8.2. வழியிலுள்ள ஹைட்ரஜன் 121.6 நானோமீட்டருக்குக் கீழுள்ள ஒளியை விழுங்கிவிடும். அந்த எல்லை 9.2 (8.2 + 1) மடங்கு நீண்டு நம்மிடம் 1.12 மைக்ரானாக வந்து சேர்கிறது. சிலிக்கான் கேமராவோ 1 மைக்ரான் பக்கத்திலேயே கண்ணை மூடிக்கொள்ளும். ஆனால் கண்ணுறு ஒளியில் காணவில்லை என்றாலே தொலைவு என்று முடிவுகட்டக் கூடாது. தூசி மறைத்திருந்தாலும் அப்படித்தான் இருக்கும். தூசி படிப்படியாக மங்கவைக்கும், ஹைட்ரஜன் கத்தியால் வெட்டினாற்போல நிறுத்தும். அதனால்தான் ஜே, எச், கே என்னும் அகச்சிவப்புப் பட்டைகளில் ஒரே நேரத்தில் படம் வேண்டும். ஒரு மணி இடைவெளி விட்டு எடுத்தால், மங்கியதையும் நிறம் என்று எண்ணி ஏமாறுவோம்.

கே: வெடித்து ஒரு வாரம் ஆகிவிட்டால்? (போளூர் வாசகர்)

ப: ரேடியோவுக்கு அதுதான் வேளை. தொடக்கத்தில் வெடிப்புப் பொருள் தன் ரேடியோ அலையைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். விரிந்து நீர்த்த பிறகே வெளியே விடும். புனே அருகிலுள்ள ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கி போன்றவை நாள், வாரக் கணக்கில் பின்தொடர்வது இதனால்தான்.