கப்பல் பயணமும் கைப்பேசிச் செயலியும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: சென்ற ஆண்டு மகன் குடும்பத்துடன் சிங்கப்பூரிலிருந்து சொகுசுக் கப்பலில் சென்று வந்தோம். இரவுச் சாப்பாட்டுக்கு இடம் பிடிப்பது, மாலை நிகழ்ச்சிக்குப் பதிவு செய்வது, மறுநாள் எத்தனை மணிக்குக் கரையில் இறங்கலாம் என்று தெரிந்துகொள்வது என எல்லாமே கைப்பேசிச் செயலியில்தான் என்றார்கள். எனக்கு 68 வயது. ஒவ்வொன்றுக்கும் மகனையோ பேத்தியையோ கேட்கத் தயங்கி, பல நிகழ்ச்சிகளுக்குப் போகாமல் அறையிலேயே இருந்துவிட்டேன். இப்போது நானும் கணவரும் மட்டும் மறுபடி போக ஆசைப்படுகிறோம். செயலி தெரியாமல் போகலாமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: தாராளமாகப் போகலாம், அம்மா. நீங்கள் அறையிலேயே தங்கிவிட்டீர்கள் என்று படித்தபோது வருத்தமாக இருந்தது. அந்தப் பயணத்துக்கு மற்றவர்களைப் போலவே உங்களுக்கும் முழுக் கட்டணம் செலுத்தப்பட்டிருக்கிறது; ஆகவே செயலி இல்லாமலும் ஒவ்வொரு வசதியையும் கேட்டுப் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு. பெரும்பாலான கப்பல்களில் விருந்தினர் சேவை மேசை இரவு பகலாக இயங்குகிறது. அன்றைய நிகழ்ச்சி நிரலைத் தாளில் அச்சிட்டுத் தரும்படி அங்கே கேட்டால் தந்துவிடுவார்கள். அறைப் பணியாளரிடம் சொல்லி வைத்தால் பல கப்பல்களில் தினமும் மாலையில் அறைக்கே வந்துவிடும். சாப்பாட்டுக்கு, பயணச்சீட்டு எடுக்கும்போதே பெரிய உணவுக்கூடத்தில் நிலையான நேரமும் நிலையான மேசையும் கேட்டு வாங்கிவிடுங்கள். அதன் பிறகு தினமும் இடம் பிடிக்கும் வேலையே இல்லை. அந்த மேசைக்குரிய பரிமாறுபவர் இரண்டாம் நாளே உங்களுக்குச் சைவமா அசைவமா, காரம் எவ்வளவு என்பதைத் தெரிந்து வைத்திருப்பார்.

ஆனாலும் கொஞ்சம் கற்றுக்கொண்டு போவது உங்களுக்குச் சுதந்திரத்தைத் தரும் என்பதால், செயலியை ஒரேயடியாக ஒதுக்கவும் வேண்டாம். அதை வீட்டிலேயே இறக்கி, பெயர், கடவுச்சீட்டு எண், பதிவு எண் ஆகியவற்றை நிரப்பி, கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். துறைமுகத்தில் கூட்டத்துக்கு நடுவே, வங்கியோ நிறுவனமோ அனுப்பும் ஓடிபிக்காகக் காத்து நின்றுகொண்டு இதைச் செய்ய முயல்வதுதான் பலரைத் திணறடிக்கிறது. கப்பலில் ஏறியதும் ஃப்ளைட் மோடைப் போட்டு, பிறகு வைஃபையைத் திறந்து, கப்பலின் பெயரில் தெரியும் இணைப்பைத் தொட வேண்டும். பெரும்பாலான நிறுவனங்கள் தங்கள் செயலியைப் பார்க்க மட்டும் இந்த இணைப்பைக் கட்டணமில்லாமல் தருகின்றன. வாட்ஸ்அப்பும் மற்ற இணையமும்தான் தனிக் கட்டணம். ஆங்கிலத் திரை புரியவில்லை என்றால் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கூகுள் டிரான்ஸ்லேட்டில் தமிழாக்கிப் பார்க்கலாம். கடலில் இணையம் வாங்காமலே இது பயன்பட வேண்டும் என்றால், தமிழ் மொழிக் கோப்பை ஊரிலேயே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

லிஃப்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெரியவர்கள் அங்கேதான் அதிகம் தடுமாறுகிறார்கள். சில புதிய கப்பல்களில் லிஃப்டுக்கு உள்ளே தள எண்களுக்கான பொத்தான்களே இருக்காது. வெளியே சுவரில் உள்ள திரையில் போக வேண்டிய தளத்தின் எண்ணைத் தொட்டால், எந்த லிஃப்டில் ஏற வேண்டும் என்று ஓர் எழுத்தைக் காட்டும். அந்த எழுத்துள்ள கதவின் முன் நின்றால் போதும், அது தானாகவே உங்கள் தளத்தில் நிற்கும். இதை அறியாமல் திறந்த கதவுக்குள் நுழைந்துவிட்டால் உள்ளே தொடுவதற்கு எதுவும் இராது. அப்படி நேர்ந்தால் பதற்றம் வேண்டாம், அடுத்த தளத்தில் இறங்கி அங்குள்ள திரையில் மறுபடி எண்ணைத் தொடுங்கள்.

நீங்கள் தவறவே விடக்கூடாத ஒன்று உண்டு என்றால் அது பாதுகாப்புப் பயிற்சிதான். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜிலியோ தீவுக்கு அருகே கோஸ்டா கான்கார்டியா என்ற கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்ததில் 32 பேர் இறந்தார்கள். அன்றுதான் ஏறியிருந்த பயணிகள் பலருக்கு அவசரகாலப் பயிற்சி இன்னும் நடக்கவில்லை. ஏறிய 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பதுதான் அப்போதைய விதி. கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடந்தாக வேண்டும் என்ற திருத்தம் 2015 ஜனவரி 1 முதல் உலகெங்கும் நடைமுறைக்கு வந்தது. இப்போது பல கப்பல்களில் இந்தப் பயிற்சியின் ஒரு பகுதியே செயலிக்குள் போய்விட்டது: காணொளியைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு, உங்களுக்குரிய கூடுமிடத்துக்கு நேரில் போய் அறை அட்டையைக் காட்ட வேண்டும். கைப்பேசியில் பார்க்க முடியாதவர்கள் அதே காணொளியை அறைத் தொலைக்காட்சியில் பார்க்கலாம். கூடுமிடத்தின் எண் அறை அட்டையிலேயே அச்சிடப்பட்டிருக்கும். அங்கு நிற்கும் பணியாளரிடம் உயிர்காப்பு அங்கியை ஒரு முறை போட்டுக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அதைக் காட்டித் தருவது அவருடைய கடமை. குறைந்தது ஏழு குறுகிய ஒலிகளும் அவற்றைத் தொடர்ந்து ஒரு நீண்ட ஒலியும் கேட்டால் அதுவே அவசர அழைப்பு, அப்போது நேராக அந்த இடத்துக்குப் போக வேண்டும். இதற்குக் கைப்பேசி எதுவும் தேவையில்லை.

கேள்வி: கப்பலில் இருந்த நாட்களில் நான் யாரையும் கைப்பேசியில் அழைக்கவில்லை. ஆனாலும் ஊர் திரும்பியதும் பெரிய தொகைக்கு பில் வந்தது. வெளிநாட்டு ரோமிங் பேக் போட்டிருந்தேனே, எப்படி இது நேர்ந்தது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கோவை

பதில்: கரையை விட்டு விலகியதும் கப்பல் தனக்கென்று ஒரு கைப்பேசி வலையமைப்பை இயக்குகிறது. அது செயற்கைக்கோள் வழியாகச் செல்வதால் கட்டணம் மிக அதிகம். நாடுகளின் பெயரைச் சொல்லி விற்கப்படும் ரோமிங் பேக்குகளில் பெரும்பாலானவை கடலில் செல்லாது. கப்பலுக்கென்று தனியாக வாங்க வேண்டும். நீங்கள் யாரையும் அழைக்காவிட்டாலும், ரோமிங் திறந்திருந்தால் கைப்பேசி அந்த வலையமைப்பைத் தானே பிடித்துக்கொண்டு, படங்களைச் சேமிப்பது, செயலிகளைப் புதுப்பிப்பது, மின்னஞ்சல் பார்ப்பது ஆகிய வேலைகளைப் பின்னணியில் செய்துகொண்டே இருக்கும். ஆகவே கப்பல் நகரும் முன் ஃப்ளைட் மோடைப் போடுங்கள், துறைமுகத்தில் இறங்கிய பிறகு மட்டும் எடுங்கள். ஃப்ளைட் மோடில் வங்கியின் ஓடிபி வராது என்பதால் பணம் செலுத்த வேண்டியவற்றைக் கரையிலேயே முடித்துவிட வேண்டும். கூடவே, உங்கள் வங்கி அட்டையின் வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியிலோ கிளையிலோ முன்பே திறந்து வையுங்கள். 2020-இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி புதிய அட்டைகள் உள்நாட்டுக்கு மட்டுமே இயங்கும்படி தரப்படுகின்றன. கப்பலில் அட்டை மறுக்கப்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பெரும்பாலான கப்பல்களில் அட்டைக்குப் பதிலாக ரொக்கத்தை முன்வைப்பாகக் கட்டவும் இடம் தருகிறார்கள்.

கேள்வி: கைப்பேசி காட்டிய நேரத்தை நம்பி ஃபூக்கெட்டில் கடைத்தெருவில் இருந்தோம். கப்பல் கிளம்பச் சில நிமிடங்களே இருந்தபோதுதான் ஓடி வந்து ஏறினோம். கைப்பேசி தவறாகக் காட்டியதா?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: கைப்பேசி சரியாகத்தான் காட்டியது, ஆனால் அது தாய்லாந்து நேரம். சிங்கப்பூரும் பினாங்கும் ஒரே நேரத்தில் இயங்க, ஃபூக்கெட் அவற்றைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது. சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் கப்பல் வழி முழுவதும் சிங்கப்பூர் நேரத்தையே வைத்துக்கொண்டிருந்தால், கப்பலில் மாலை 5 மணி ஆகும்போது கரை வலையமைப்பைப் பிடித்த உங்கள் கைப்பேசி 4 என்றே காட்டும். கப்பல் நேரம் மாறுகிறதா இல்லையா என்பதை ஒலிபெருக்கியிலும் நிகழ்ச்சி நிரலிலும் அறிவிப்பார்கள். கைப்பேசி அமைப்பில் தானியங்கி நேரத்தை நிறுத்திவிட்டு கப்பல் நேரத்தை நீங்களே வையுங்கள்; அதைவிட எளிய வழி, சாதாரண முள் கடிகாரத்தைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக் கையில் கட்டிக்கொள்வது.

கேள்வி: என் பெற்றோர் முதல் முறையாகக் கப்பலில் போகிறார்கள். உடன் போக எனக்கு விடுப்பு இல்லை. இதையெல்லாம் அவர்களுக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது?
– ஒரு மகள், சென்னை

பதில்: அவர்கள் கையிலிருந்து கைப்பேசியை வாங்கி நீங்களே செய்து காட்டாதீர்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல, அவர்கள் விரலால் திரையைத் தொட்டுச் செய்யட்டும். பத்து நிமிடம் கூடுதலாக ஆனாலும் பொறுத்திருங்கள். எழுத்து அளவை முதலில் பெரிதாக்கிக் கொடுங்கள். ஃப்ளைட் மோட், வைஃபை, செயலி என்ற வரிசையை வீட்டு வைஃபையிலேயே, அவர்களாகவே செய்யும் வரை நாள்தோறும் பழக்குங்கள். சிங்கப்பூரில் நுழைவதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டிய வருகை அட்டையை நீங்களே நிரப்பித் தரலாம். அதற்குக் கட்டணம் இல்லை, பணம் கேட்கும் தளம் எதுவாயினும் அது அரசுத் தளம் அன்று. பயணச்சீட்டு, காப்பீடு, விசா ஆகியவற்றின் அச்சுப் பிரதிகளை ஒரு கோப்பில் போட்டு அப்பாவிடமும், இன்னொரு படியை அம்மாவிடமும் கொடுத்தனுப்புங்கள். கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்தாலும் அதைக் காட்டிப் பயணத்தைத் தொடர முடியும்.